"இது உங்கள் கதையா?" என்று கேட்பவர்களுக்கு

நூல் அறிமுகக் கூட்டங்களை நடத்துகிற, நெறிப்படுத்துகிற நண்பர்களுக்கு,

வணக்கம்.

11 ஆண்டுகளாகப் புனைகதை எழுதி வருகிறேன். இரண்டு நாவல்கள், ஒரு சிறுகதைத் தொகுப்பு. உங்கள் மேடைகளில் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். பத்துப் பேர்தான் வருவார்கள் என்று தெரிந்தும் நாற்காலி போட்டு, புத்தகத்தை முழுக்கப் படித்து, கோடிட்டுக் குறிப்பெடுத்து வந்து பேசுகிறவர்கள் நீங்கள். உங்களைப் போன்றவர்கள் இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்களின் எழுத்து அச்சகத்திலிருந்து நேராகப் பரணுக்குத்தான் போயிருக்கும். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

என் இரண்டாவது நாவலுக்கான கூட்டத்தில், பேச்சாளர்கள் எல்லாரும் பேசி முடித்த பிறகு நெறியாளர் முதல் கேள்வியைத் தானே கேட்டார். "நாவலில் கணவனை விட்டுப் பிரிந்து போகிறாளே, அந்தப் பெண் நீங்கள்தானே?" அரங்கம் சிரித்தது. என் கணவரும் மகளும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். மகளுக்கு அப்போது 14 வயது. இரண்டு நாள் கழித்து, படுக்கப் போகும் நேரத்தில் வந்து, "அம்மா, எங்கள விட்டுட்டுப் போயிடணும்னு நீ எப்பவாவது நினைச்சிருக்கியா?" என்று கேட்டாள்.

அந்த அத்தியாயம் முழுக்கக் கற்பனை. அப்படிப் பிரிந்து போன யாரையும் எனக்கு நெருக்கமாகத் தெரியாது. ஒரு பெண் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்த பிறகு, தெருமுனையில் நின்று எந்தப் பக்கம் திரும்புவாள் என்று யோசித்துப் பார்த்தேன். அந்த யோசனைதான் 40 பக்கமாக நீண்டது. ஆனால் அதே நாவலில் வேறொரு இடம் இருக்கிறது. அது என் வாழ்க்கையிலிருந்து அப்படியே பிய்த்து எடுத்தது. அதைப் பற்றி இன்றுவரை எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்டதில்லை. எடுத்துக்காட்டு இல்லாமல் நான் சொல்ல வருவது விளங்காது என்பதால் இங்கே எழுதுகிறேன். என் வீட்டில் உள்ளவர்களுக்கே இதைப் படிக்கும்போதுதான் தெரியும்.

அப்பா மருத்துவமனையில் இருந்த கடைசி நாட்களில் இரவில் நான்தான் துணைக்கு இருந்தேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் செவிலியர் ஒரு மருந்துச் சீட்டைக் கொடுத்து, கீழே போய் வாங்கி வரச் சொன்னார். போய்வர 20 நிமிடம் ஆகியிருக்கும். நான் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நீ என்னம்மா செய்வாய், மருந்து வாங்கத்தானே போனாய் என்று எல்லாரும் தேற்றினார்கள். அது உண்மைதான். ஆனால் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு படியிறங்கியபோது என் நெஞ்சில் இருந்தது பதற்றம் இல்லை, நிம்மதி. அந்த மூச்சுச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்காமல் இருக்கலாம் என்ற நிம்மதி.

நாவலில் அது ஒரு மகனுக்கு நடக்கிறது. அவன் கையில் மருந்துச் சீட்டு இல்லை. பார்க்கப் பொறுக்காமல் தானாகவே எழுந்துபோய் மாடிப்படியில் உட்கார்ந்துகொள்கிறான். நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தால் வாசகர் என்னை உடனே மன்னித்திருப்பார். மருந்து வாங்கப் போனவளை யார் குற்றம் சொல்வார்கள்? அந்த மன்னிப்புக்கு நான் தகுதியானவள் இல்லை என்பதுதானே எனக்குள் இருந்த விஷயம். அதைச் சொல்வதற்காக நடந்ததை மாற்ற வேண்டியிருந்தது. சீட்டைப் பறித்தேன். மகளை மகனாக்கினேன். அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கம் உண்மையாயிற்று.

"இது நடந்ததா?" என்று அந்த அத்தியாயத்தைக் காட்டிக் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? இல்லை என்றாலும் பொய், ஆம் என்றாலும் பொய். "ஏன் அவன் கையில் ஒரு காரணத்தையும் கொடுக்காமல் அனுப்பினீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருந்தால், அந்த இடத்திலேயே எனக்குக் கண் கலங்கியிருக்கும். ஏனென்றால் அந்தக் கேள்வி வாழ்க்கை எங்கே கதையாகத் திரும்பியதோ சரியாக அந்த இடத்தைத் தொடுகிறது. நான் உங்களிடம் கேட்பதெல்லாம் இதுதான். எது நடந்தது என்று தேடாதீர்கள். எது மாற்றப்பட்டிருக்கிறது, ஏன் என்று தேடுங்கள்.

ஆங்கில நாவலாசிரியர் சார்லட் பிராண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1847இல் 'ஜேன் அயர்' வெளிவந்தபோது அட்டையில் இருந்தது கரர் பெல் என்ற புனைபெயர். எழுதியவர் யார் என்று தெரியாது. இரண்டாம் பதிப்பை அவர் தாம் மதித்த நாவலாசிரியர் தாக்கரேவுக்குக் காணிக்கையாக்கினார். தாக்கரேயின் மனைவி மனநலம் குன்றியிருந்தவர் என்பது சார்லட்டுக்குத் தெரியாது. நாவலிலோ மனநலம் குன்றிய மனைவியை வீட்டு மாடியறையில் அடைத்து வைத்திருக்கும் ஒருவர், அந்த வீட்டுக்குப் பாடம் சொல்லித்தர வரும் ஆசிரியை. போதாதா? இந்த நாவலை எழுதியவள் தாக்கரே வீட்டில் ஆசிரியையாக இருந்தவள்தான் என்று லண்டனில் வதந்தி பரவியது. இரண்டு பேருக்கும் அது எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும் என்று நினைத்தாலே மனம் கூசுகிறது.

சார்லட்டின் வாழ்க்கை அந்த நாவலில் இல்லாமல் இல்லை. அவர்கள் தேடிய மாடியறையில் இல்லை, அவ்வளவுதான். அது முதற்பகுதியில், பள்ளிக்கூட அத்தியாயங்களில் இருக்கிறது. சார்லட்டும் அவருடைய சகோதரிகளும் சிறுவயதில் ஓர் உறைவிடப் பள்ளியில் இருந்தார்கள். மூத்த அக்கா மரியாவுக்கு அங்கே காசநோய் முற்றியது. தந்தை வந்து அவளை வீட்டுக்கு அழைத்துப் போனார். 1825 மே மாதம் அவள் வீட்டில் இறந்தாள். அப்போது சார்லட் இன்னும் பள்ளியில்தான் இருந்தார், 9 வயதில். அக்காவின் கடைசி நேரத்தில் அவர் பக்கத்தில் இல்லை. அடுத்த மாதமே இன்னொரு அக்கா எலிசபெத்தும் போய்விட்டாள்.

நாவலில் வரும் ஹெலன் பர்ன்ஸ் என்ற சிறுமி மரியாவைப் பார்த்து எழுதப்பட்டவள். ஆனால் ஹெலன் வீட்டுக்கு அனுப்பப்படுவதில்லை. பள்ளியிலேயே இறக்கிறாள். ஜேன் இரவில் யாருக்கும் தெரியாமல் எழுந்துபோய், அவள் கட்டிலில் ஏறி, அவளைக் கட்டிக்கொண்டு படுக்கிறாள். காலையில் வந்து பார்ப்பவர்கள் ஒருத்தி தூங்குவதையும் இன்னொருத்தி இறந்துகிடப்பதையும் காண்கிறார்கள். 9 வயதில் செய்ய முடியாமல் போனதை 20 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பெண் காகிதத்தில் செய்துகொண்டாள் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். நான் என் பாத்திரத்தை அப்பாவின் கட்டிலிலிருந்து இன்னும் தள்ளி உட்கார வைத்தேன். அவர் தம் பாத்திரத்தைக் கட்டிலிலேயே ஏற்றிவிட்டார். இரண்டிலும் நடந்தது ஒன்று, எழுதியது வேறு. அந்த வேறுபாட்டில்தான் எழுதியவள் இருக்கிறாள்.

டிக்கன்ஸ் கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1824இல், 12 வயதில், தந்தை கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் கிடக்க, பையன் காலணி மை தயாரிக்கும் கிடங்கில் புட்டிகளுக்கு முகப்புத்தாள் ஒட்டினான். பெற்ற பிள்ளைகளிடம்கூட அவர் இதைச் சொன்னதில்லை. 1870இல் அவர் இறந்த பிறகு, நண்பர் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் வழியாகத்தான் உலகத்துக்குத் தெரிந்தது. உடனே, ஆகா, 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' அவருடைய சொந்தக் கதை என்று எல்லாரும் கண்டுகொண்டார்கள். சரி. ஆனால் டேவிட்டின் தந்தை அவன் பிறப்பதற்கு முன்பே இறந்துபோனவர். அப்படியானால் கடனில் மூழ்கிச் சிறைக்குப் போகிற, எப்போதும் ஏதாவது நல்லது நடந்துவிடும் என்று நம்புகிற அந்த மனிதர் எங்கே போனார்? மிக்காபர் என்ற பெயரில், உறவே இல்லாத ஒருவராக, டேவிட் குடியிருக்கும் வீட்டுக்காரராக வருகிறார். தந்தையாக இருக்கும்போது மன்னிக்க முடியாதவரை அடுத்தவராக்கிய பிறகு நேசிக்க முடிந்திருக்கிறது. தாயின் விஷயம் இன்னும் கடினம். வேலையிலிருந்து மீட்கப்பட்ட தன்னைத் திரும்ப அங்கேயே அனுப்பத் தாய் விரும்பினார் என்பதை டிக்கன்ஸ் கடைசிவரை மறக்கவில்லை. அதைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியும் வைத்தார். நாவலில், டேவிட் கிடங்குக்கு அனுப்பப்படும் முன்பே அவன் தாய் இறந்துவிடுகிறாள். அப்படி அனுப்பும் பாவம் அவள் மேல் விழாமல் பார்த்துக்கொண்டாரா, அல்லது அது அவருடைய கோபம்தானா? எனக்கு இரண்டுமே தோன்றுகிறது. ஒரு கூட்டத்தில் இதைப் பேச ஆரம்பித்தால் ஒரு மாலை போதாது.

இதெல்லாம் மேற்கத்திய நாவலோடு வந்த விவகாரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் மொழியில் இதைப் பற்றி ஓர் இலக்கண விதியே இருக்கிறது. அகத்திணையில் "சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்" என்கிறது தொல்காப்பியம். காதலைப் பாடு, பிரிவைப் பாடு, ஆனால் இன்னார் என்று பெயர் சுட்டாதே. எவ்வளவு நுட்பமான விதி! பாடுகிறவருக்கு அது ஒரு மறைப்பு. கேட்கிறவருக்கு அது ஓர் இடம். பெயரில்லாத அந்தத் தலைவியின் இடத்தில் யார் வேண்டுமானாலும் போய் நின்றுகொள்ளலாம்.

அந்த மறைப்பு எவ்வளவு மெல்லியது என்பதற்கும் நம்மிடமே சான்று உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையைப் பாருங்கள். குளிர்கால இரவு, கணவனைப் பிரிந்து வாடும் அரசி, தூரத்தில் பாசறையில் உறங்காத அரசன். யார் பெயரும் இல்லை. ஆனால் வேலின் தலையில் வேப்பந்தழை கட்டியிருந்தது என்று ஒரு சொல் விழுந்துவிட்டது. வேம்பு பாண்டியரின் அடையாளம். ஆகையால் இது அகம் ஆகாது, புறம்தான் என்று நச்சினார்க்கினியர் உரை எழுதிவிட்டார். ஒரே ஒரு வேப்பந்தழை!

சங்கப் பாடல்களிலேயே, பாடியவரின் வாழ்க்கையைப் பாட்டோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கமும் இருக்கிறது. அகநானூற்றின் 147ஆம் பாடலில் ஔவையாரின் தலைவி, வெள்ளிவீதியைப் போல நானும் கிளம்பிவிடப் போகிறேன் என்கிறாள். காதலனைத் தேடிப் போன பெண்ணாக ஒரு புலவரின் பெயரே அங்கே வந்துவிட்டது. அதற்குப் பிறகு வெள்ளிவீதியாரின் எந்தப் பாட்டைப் படித்தாலும் நமக்கு அந்த நினைப்பு வராமல் போகாது. வரட்டும். ஆனால் அவர் பாடியவற்றுள் என்னை மிகவும் உலுக்குவது குறுந்தொகை 58. வெயில் காயும் பாறைமேல் வெண்ணெய் உருகிக்கொண்டிருக்கிறது. காவலுக்கு இருப்பவனுக்குக் கையில்லை, பேச வாயும் இல்லை. கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க மட்டும்தான் முடியும். "கையில் ஊமன் கண்ணின் காக்கும் வெண்ணெய் உணங்கல் போல" இந்த நோய் பரவிவிட்டது என்கிறது பாட்டு. இதைச் சொல்வது யார்? தலைவி இல்லை. தலைவன், தன்னை இடித்துரைக்கும் நண்பனிடம் சொல்கிறான். ஒரு பெண்பாற் புலவர் தம்மிடம் இருந்தவற்றிலேயே மிகக் கூர்மையான உவமையை ஓர் ஆணின் வாயில் வைத்திருக்கிறார். மகளை மகனாக்கிய இரவில் எனக்கு இந்தப் பாட்டு நினைவில் இல்லை. பிறகு படித்தபோது, தனியாக இல்லை என்று ஒரு ஆறுதல் வந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. "செம்புலப் பெயல்நீர் போல" என்று பாடியவரின் இயற்பெயர்கூட நம்மிடம் இல்லை. அவருடைய உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்கிறோம். அவர் யாரைக் காதலித்தார் என்று கேட்க வழியே இல்லை. அதனால் அந்தப் பாட்டுக்கு என்ன குறைந்துபோயிற்று?

நடந்ததா என்ற கேள்வி எல்லார்மீதும் ஒரே எடையில் விழுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் உட்கார்ந்த மேடைகளில், ஆண் எழுத்தாளர் கள்ள உறவைப் பற்றி எழுதினால் "மனித மனத்தின் ஆழங்களைத் தொட்டிருக்கிறார்" என்பார்கள். பெண் எழுதினால் "துணிச்சலாகப் பதிவு செய்திருக்கிறார்" என்பார்கள். கவனியுங்கள், ஆணுக்குக் கற்பனை, பெண்ணுக்குப் பதிவு. ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்து எழுதுகிறவர்களுக்கு இது இன்னும் மோசம். அவர்கள் நாவலின் வடிவத்தைப் பற்றி, காலத்தை அவர்கள் மடித்திருக்கும் விதத்தைப் பற்றி, ஒரு கேள்விகூட வராது. "ஆவணம்" என்ற ஒரு சொல்லைப் போட்டு முடித்துவிடுவார்கள். பாராட்டு மாதிரிதான் இருக்கும். ஆனால் நீ பார்த்ததைச் சொன்னாய், செய்தது ஒன்றுமில்லை என்றுதான் அதற்குப் பொருள்.

தன்வரலாற்றின் நிலை வேறு. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது, தம் வாழ்க்கையைத்தான் சொல்கிறேன் என்ற உறுதியோடு வந்தது. அங்கே நடந்ததா என்று கேட்கலாம். அந்தப் புத்தகமே அதற்குப் பதில் சொல்லத் தயாராக வந்து நிற்கிறது. தன்புனைவு என்று இன்று சொல்கிறோமே, 1977இல் பிரெஞ்சு எழுத்தாளர் செர்ஜ் துப்ரோவ்ஸ்கி பெயர் வைத்த அந்த வகையில், சொந்தப் பெயரோடு பாத்திரத்தை உலவவிட்டு எழுத்தாளரே உங்களைச் சீண்டுகிறார். அங்கேயும் கேளுங்கள். நாவல் என்று அட்டையில் போட்டு, பெயரை மாற்றி, ஊரை மாற்றி ஒருவர் தருகிறார் என்றால், அந்த மாற்றங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எறிவதை வாசிப்பு என்று எப்படிச் சொல்வது? ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி ஓம்ஸ்க் சிறையில் நான்கு ஆண்டுக் கடுங்காவல் அனுபவித்தவர். அரசுக்கு எதிரான ஒரு வட்டத்தில் இருந்த குற்றத்துக்காக. அந்தச் சிறை அனுபவத்தை எழுதியபோது, கதை சொல்பவனை மனைவியைக் கொன்றுவிட்டு வந்த கைதியாக ஆக்கினார். பல ஆண்டுகளுக்குப் பிறகும், தஸ்தயேவ்ஸ்கியே மனைவியைக் கொன்றதற்காகத்தான் சிறைக்குப் போனார் என்று நம்புகிறவர்கள் இருந்தார்கள். அவரே அதைக் குறிப்பிட்டு எழுதியிருக்கிறார்.

எழுத்தாளர்கள் குற்றமற்றவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கே ஒரு கடன் இருக்கிறது. என் முதல் நாவலில் ஒரு கொடுமைக்காரி வருகிறாள். அவளுடைய குணமும் செயலும் நானாக உண்டாக்கியவை. ஆனால் அவள் ஒரு வாக்குவாதம் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள். துடைத்துவிட்டு, போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டு எதிரில் இருப்பவரைப் பார்ப்பாள். அது என் அக்காவின் பழக்கம். எழுதும்போது எனக்குத் தெரியவே இல்லை, அச்சாகி வந்த பிறகுதான் தெரிந்தது. அக்கா படித்துவிட்டு ஒன்றரை ஆண்டு என்னோடு பேசவில்லை. அவள்மீது நான் சுமத்தியதாக அவள் நினைத்த எதையும் நான் சுமத்தவில்லை. ஆனாலும் அந்த வேப்பந்தழையை நான்தான் கட்டினேன். பின்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த பதிப்பில் கண்ணாடியை எடுத்துவிட்டேன். அந்த இடம் இப்போது கொஞ்சம் மொட்டையாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும். எழுதுகிறவர்கள் தங்களைச் சுற்றியிருப்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்தான். அது வீட்டுக்குள் நடக்க வேண்டியது. ஒலிவாங்கிக்கு முன்னால், நூறு பேர் பார்க்க, அந்த அக்காக்களும் மகள்களும் கணவர்களும் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாமல் நடக்கக் கூடாது.

கேள்விகளே வேண்டாம் என்று சொல்பவள் இல்லை நான். மௌனமான அரங்கத்தைவிட எழுதுகிறவருக்கு வேறு தண்டனை இல்லை. காலத்தைப் பற்றிக் கேளுங்கள். சிகந்தராபாத்தில் பிறந்து வளர்ந்த அசோகமித்திரன், ஹைதராபாத் சமஸ்தானம் 1948இல் இந்தியாவோடு இணைந்த நாட்களைப் பதின்பருவத்தில் அங்கேயே கண்டவர். அந்தச் சூழலை வைத்து அவர் எழுதிய '18வது அட்சக்கோடு' வெளிவந்தது 1977இல். இடையில் கிட்டத்தட்ட 30 ஆண்டுகள். ஒரு அனுபவம் அவ்வளவு காலம் ஒருவருக்குள் என்ன செய்துகொண்டிருக்கும்? இதைக் கேட்டால் எந்த எழுத்தாளரும் நேரம் போவது தெரியாமல் பேசுவார். எதை எழுத முயன்று விட்டுவிட்டீர்கள் என்று கேளுங்கள். எந்தப் பாத்திரம் உங்களுக்குப் பிடிக்காமலேயே நல்லவராக வந்துவிட்டார் என்று கேளுங்கள். வேறு ஒருவரின் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது எந்த இடத்தில் என்று கேளுங்கள். எங்கள் வாழ்க்கை அந்தப் பதில்களில் தானாகவே வந்து விழும், எவ்வளவு தர முடியுமோ அவ்வளவு.

ஒன்றை மட்டும் விதியாகவே வைத்துக்கொள்ளக் கேட்கிறேன். பாத்திரத்தைக் காட்டி, இது நீங்கள்தானே, இது உங்கள் கணவர்தானே என்ற கேள்வி அரங்கத்திலிருந்து வந்தால், நெறியாளர் அதை எழுத்தாளரிடம் அனுப்பாமல் தாமே தடுத்துவிடுங்கள். மேடையில் இருப்பவரால் அதைத் தடுக்க முடியாது. மறுத்தால் மறைக்கிறார் என்பார்கள், கோபப்பட்டால் உண்மை சுட்டுவிட்டது என்பார்கள்.

அடுத்த மாதம் என் புதிய தொகுப்புக்கு நீங்கள் கூட்டம் ஏற்பாடு செய்திருக்கிறீர்கள். வருகிறேன். மகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். இப்போது அவளுக்கு 17 வயது. தொகுப்பை முழுக்கப் படித்துவிட்டாள். ஐந்தாவது கதையைப் பற்றி அவளிடம் ஒரு கேள்வி இருக்கிறதாம். என்ன என்று கேட்டால் சொல்லவில்லை, வீட்டில் கேட்க மாட்டேன், கூட்டத்தில்தான் கேட்பேன் என்கிறாள். மூன்றாவது வரிசையில் கை தூக்குவாள். தயவுசெய்து ஒலிவாங்கியை அவளிடம் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மேடைகளில் உட்கார்ந்திருந்த ஒரு நாவலாசிரியை